நீலக் கோட்டுக்குள் சிவப்பு நூல்

அந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே மீந்துபோன முக்கோண இடத்தில் ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், சுவருக்குச் சுவர் ஒரு கம்பி, கம்பி நிறைய அடுத்தவர் துணி. எழுந்து நின்றால் தலை படியில் இடிக்கும் என்பதால் கடைக்காரி காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவாள். புதுத் துணி எதுவும் தைக்க மாட்டாள். தொளதொளவென்று இருப்பதைப் பிடித்துத் தைப்பாள், இறுக்கமாக இருப்பதைப் பிரித்து விடுவாள், அவ்வளவுதான் தொழில். ஆல்ட்ரேஷன் அக்கா என்று பெயர். வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதை ஒரு பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு தையலைப் பிரிக்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது. "ஏன் இப்படிக் குண்டாயிட்டீங்க?" "இந்தப் பாக்கெட் எப்படிக் கிழிஞ்சது?" "போன தடவை அரைக்கை கேட்டீங்களே, இப்ப ஏன் முழுக்கை?" பதில் வரும்வரை ஊசி நகராது. அவசரமாக வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். நேரம் இருப்பவர்கள் படியிலேயே உட்கார்ந்து குடும்பக் கதையை அவிழ்த்து விடுவார்கள். ஊர் வம்பு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. கேட்டதை அவள் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும், விஷயம் அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தத் துணியானாலும் உள்தையலின் முடிவில் சிவப்பு நூலால் மூன்று தையல் போட்டு முடிப்பாள். வெளியே தெரியாது. "நீ தைச்சது பிரிஞ்சுபோச்சு" என்று யாராவது சண்டைக்கு வந்தால் புரட்டிப் பார்ப்பாள். சிவப்பு இருந்தால் மறுபேச்சு பேசாமல் இலவசமாகத் தைத்துக் கொடுப்பாள். இல்லாவிட்டால் வந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். தூரத்து லோடு. மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கொஞ்ச காலமாக முதுகு அவரைப் படுத்தி எடுத்தது. ஊருக்குள்ளேயே சின்ன வண்டி ஓட்டுகிற வேலை கிடைக்காமல் இல்லை, சம்பளம்தான் பாதி. மிச்சப் பாதிக்கு ஒரு வழி பண்ணத்தான் இருவரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்து வங்கியில் போட்டிருந்தார்கள். "அந்தப் பணம் ரெண்டு மடங்கு ஆகட்டும், அன்னிக்கே சாவியை முதலாளி மேஜையில வெச்சுட்டு இறங்கிடறேன்" என்று அவர் சொல்லி வைத்திருந்தார். வங்கி வட்டியோ ஊர்ந்துகொண்டிருந்தது.

"இந்த வேகத்துல போனா, நான் இறங்குற அன்னிக்கு என்னைத் தூக்கித்தான் இறக்கணும்" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்வார். அக்காவுக்குச் சிரிப்பு வராது.

சில தடவை வரும்போது அவருடைய பழுப்புப் பேண்ட்டும் கம்பியில் ஏறும். "இடுப்புல கொஞ்சம் பிடி. ஓடுற ஓட்டத்துல தொப்பை கரையுது" என்பார். அவர் சொல்லும் ஊர்க்கதைகளைக் கேட்டுக்கொண்டே அக்கா பிடித்துத் தைத்துவிடுவாள். அவர் மறுபடி கிளம்பிவிடுவார்.

பங்குச் சமாசாரம் இந்த வீட்டுக்குள் வந்தது நாத்தனார் வழியாக. அவருடைய தங்கை, ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். வேலை முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் அண்ணி கடைப் படியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவாள். ஒருநாள் அண்ணனின் முதுகைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னாள்:

"வங்கியிலேயே எல்லாத்தையும் வெச்சிருந்தா ஆகாது அண்ணி. ஒரு பகுதியை எடுத்து வளர்ற கம்பெனியில பங்கா வாங்கிப் போட்டா, கம்பெனி வளர வளர நம்ம பணமும் வளரும். கைச்செலவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தேவைப்படுறதைத் தொடக் கூடாது. இன்னும் சில வருஷத்துக்கு வேண்டாம்கிற பணம் மட்டும்தான்."

அக்கா பிரிக்கிற ஊசியைக் கீழே வைத்தாள். "கம்பெனி வளருதுன்னு எப்படித் தெரியும்?"

"ஆண்டறிக்கை போடுவாங்க. அதுல பார்க்கணும். விற்பனை வருஷா வருஷம் ஏறணும். கூடவே லாபமும் ஏறணும். கடனை வாங்கி ஏத்திக் காட்டின மாதிரி இருக்கக் கூடாது. லாபம்னு எழுதினது காசா கைக்கு வந்திருக்கணும். அதுக்கு மேல, எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும் கொள்ளை விலை கொடுத்து வாங்கக் கூடாது."

"இதெல்லாம் போன வருஷம் வரைக்கும் வளர்ந்ததுக்குத்தானே ஆச்சு? இனிமே வளருமான்னு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் அண்ணி ஆடிட்டர் ஆபீஸ்ல குப்பை கொட்டுறேன்?" என்று நாத்தனார் டீ கிளாஸை வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

கேள்வி மட்டும் அக்காவிடம் தங்கிவிட்டது. வளர்கிற கம்பெனி வெளியே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? மனுஷன் வளர்ந்தால் பேண்ட் குட்டையாகும். கம்பெனி வளர்ந்தால்? நினைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். கம்பி முழுக்கக் கம்பெனிகள் தொங்கின.

உண்மையாகவே தொங்கின. அந்தத் தெருவின் ஒரு முனையில் தொழிற்பேட்டை, மறுமுனையில் ஆஸ்பத்திரிகள். நடுவில் பஸ் நிறுத்தம். சாப்பாடு கொண்டு போகிறவர்களின் ஆரஞ்சுச் சட்டை, செக்யூரிட்டிகளின் கறுப்புப் பேண்ட், ரத்தப் பரிசோதனைக் கம்பெனியின் நீலக் கோட்டு, தண்ணீர்க் குழாய் செய்கிற கம்பெனியின் சாம்பல் சட்டை எல்லாம் அக்காவிடம்தான் வரும். கம்பெனிக்காரர்கள் மனிதர்களை மூன்று அளவில்தான் கடவுள் படைத்திருப்பதாக நம்பிச் சீருடை வாங்குகிறார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே அதை எடுத்துக்கொண்டு, கைக்காசு போட்டு, இந்தப் படிக்குக் கீழே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

"அப்படின்னா" என்று மறுநாள் நாத்தனார் வந்து உட்காருவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள், "எந்தக் கம்பெனியில புதுசு புதுசா ஆள் சேர்றாங்களோ அதுதானே வளருது? வேலை இல்லாம யாராவது ஆள் எடுப்பாங்களா?"

நாத்தனாருக்கு ஆச்சரியம். "பெரிய பெரிய ஆளுங்களே இப்படி நேர்ல போய் விசாரிச்சுத்தான் வாங்குவாங்க அண்ணி. கடையில கூட்டம் இருக்கா, லாரி நிக்குதான்னு பார்ப்பாங்க."

போதாதா? அன்றிலிருந்து அக்காவுக்கு இன்னொரு கண் முளைத்தது. எந்த நிறம் அதிகம் வருகிறது என்று பார்க்கத் தொடங்கினாள். சந்தேகத்துக்கே இடமில்லை. நீலம். வாரம் தவறாமல் நீலக் கோட்டு. எல்லாம் சின்னச் சின்னப் பெண்கள், எல்லாரும் புதுசு. "இந்த வாரம்தான் சேர்ந்தேன்க்கா, தோள்ல நிக்க மாட்டேங்குது" என்று கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அந்தப் பரிசோதனைக் கம்பெனி தெருவுக்குத் தெரு கிளை திறந்துகொண்டிருந்தது. பங்கு விலையும் ஏறுமுகம். டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர் அதைப் பற்றிப் பேசும்போது அவருக்கே மூச்சு வாங்கியது.

சாம்பல் சட்டைக்காரர்கள் விஷயம் வேறு. அங்கிருந்து புது ஆளே வர மாட்டான். வருவதெல்லாம் பழைய முகங்கள், பழைய சட்டைகள், எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள்: வயிற்றுப் பக்கம் கொஞ்சம் பிரித்து விட வேண்டும். ஒரு வழுக்கைத் தலைக்காரர் எத்தனையோ வருஷமாக அதே சட்டையைக் கொண்டு வந்துகொண்டிருந்தார். உள்ளே விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்து, கடைசித் தடவை பக்கவாட்டில் ஒட்டுத் துணி வைக்க வேண்டியதாகிவிட்டது. "இதுக்கு மேல நீங்கதான் அடக்கிக்கணும்" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"தூங்குமூஞ்சிக் கம்பெனி" என்று நாத்தனாரிடம் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "அங்க வளர்றது தொப்பை மட்டும்தான்."

நாத்தனார் இரண்டு கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும் செல்போனில் இறக்கி, மதிய இடைவேளைகளில் படித்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணி, நீலக் கோட்டு விற்பனை ஏறுது, வாஸ்தவம்தான். ஆனா லாபம் நின்ன இடத்துலேயே நிக்குது. கிளை திறக்கக் கடன் வாங்கியிருக்காங்க. விலை வேற, இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் எல்லாம் ஒழுங்கா நடந்தாத்தான் கட்டுப்படியாகும்கிற மாதிரி இருக்கு. நீங்க தூங்குமூஞ்சின்னு சொன்னீங்களே, அந்தக் குழாய்க் கம்பெனி சத்தமில்லாம வருஷா வருஷம் விக்கிறதை ஏத்திக்கிட்டே வந்திருக்கு. ஆள் எண்ணிக்கை பெரிசா ஏறல. கடனே கிடையாது."

"ஆளே எடுக்காம எப்படி வளரும்?"

"அது எனக்கும் புரியல. அதனாலதான் அவசரப்பட வேண்டாம்னு சொல்றேன். இன்னும் கொஞ்சம் படிக்கிறேன்."

சரி என்று அக்கா தலையாட்டினாள். ஆட்டிய தலை ஆட்டியபடி இருக்க, மனசு கேட்கவில்லை. நாளுக்கு நாள் விலை ஏறுகிறது, வீட்டுக்காரரோ எங்கேயோ ஒரு மலைப்பாதையில் முதுகைப் பிடித்துக்கொண்டு கியர் மாற்றிக்கொண்டிருக்கிறார். நாத்தனார் படித்து முடிப்பதற்குள் கோட்டை விட்டுவிடுவோமே என்று ஒரு பதைப்பு. நாத்தனார் திறந்து கொடுத்திருந்த பங்குக் கணக்கில், வங்கியிலிருந்து பங்குக்கென ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு நீலக் கோட்டை வாங்கிப் போட்டுவிட்டாள். இரண்டே நாளில் விலை இன்னும் ஏறியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனார் வந்ததும் போனை நீட்டினாள்.

நாத்தனார் பார்த்தாள். திட்டவில்லை. "அண்ணன் கிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரட்டும், மீதியையும் வாங்கிட்டுச் சேர்த்துச் சொல்றேன்."

மீதியை வாங்குவதாக இருந்த நாளின் காலையில்தான் அந்தப் பெண் வந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஒரு நீலக் கோட்டு. "இடுப்புல ரொம்பப் பெருசா இருக்குக்கா, நாளைக்கு வேணும்." வழக்கம் போலப் புதுசு. கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

கோட்டைப் புரட்டி, பக்கவாட்டுத் தையலைப் பிரிக்க ஊசியை நுழைத்த அக்காவின் கை அப்படியே நின்றது. உள்ளே சிவப்பு நூல். மூன்று தையல்.

தன் கைதான். யாருக்கோ தைத்துக் கொடுத்த கோட்டு இது. ஆனால் இந்தப் பெண்ணை முன்பின் பார்த்ததில்லையே? பிரித்துக்கொண்டே போனாள். சிவப்புக்குக் கீழே நைந்துபோன இன்னொரு சிவப்பு. ஒருத்திக்குப் பிடித்துத் தைத்ததை இன்னொருத்திக்குப் பிரித்து விட்டு, இப்போது மூன்றாமவளுக்குத் திரும்பப் பிடிக்க வேண்டும். ஒரு கோட்டுக்குள் மூன்று பேருடைய இடுப்பு இருந்தது.

நீலக் கோட்டு எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. வரும் பெண்கள் புதுசு என்பதால் கோட்டும் புதுசு என்றே நினைத்திருந்தாள். கம்பியில் தொங்கிய மற்ற நீலக் கோட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் புரட்டினாள். பாதிக்கு மேல் சிவப்பு தெரிந்தது.

மறுநாள் கண்ணாடிப் பெண் வந்ததும் கோட்டைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "உனக்கு முன்னாடி இதைப் போட்டிருந்தது யாரு?"

"தெரியாதுக்கா. விட்டுட்டுப் போறவங்க கோட்டைத் திருப்பிக் கொடுத்துடணும். அதைத்தான் துவைச்சு எங்களுக்குக் கொடுப்பாங்க."

"நிறையப் பேர் போறாங்களா?"

அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள். "நிக்கறவங்கதான் கம்மி. ஒருத்தரே மூணு பேர் வேலையப் பார்க்கணும். நானும் வேற இடம் கிடைக்கிற வரைக்கும்தான்." சொல்லிவிட்டுக் கோட்டை வாங்கிக்கொண்டாள். இந்தக் கோட்டு மறுபடி வரும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் வேறு ஆள் இருப்பாள்.

நாத்தனாரிடம் சொன்னபோது அவள் குதிக்கவில்லை. அதுதான் அவளிடம் அக்காவுக்குப் பிடித்தது, பிடிக்காததும்.

"கோட்டைப் பார்த்துட்டு வாங்கக் கூடாதுன்னா, நூலைப் பார்த்துட்டு விக்கவும் கூடாது அண்ணி. ஆள் நிக்கலேன்னு தெரிஞ்சது, சரி. அதனால வேலை கெடுதா? வர்ற ஜனம் குறையுதா? அதைப் பார்க்கணும்."

"பார்த்துட்டா போச்சு" என்று அக்கா அடுத்த நாள் கடையைச் சாத்திவிட்டு, அந்தக் கம்பெனியின் கிளை ஒன்றுக்குச் சர்க்கரை பார்க்கப் போனாள். இல்லாத வியாதிக்குக் காசு கொடுத்து ஊசி குத்திக்கொள்ளப் போனவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். நாற்காலிகள் பளபளவென்று இருந்தன. பாதி கவுன்ட்டர்களில் ஆள் இல்லை. ரத்தம் எடுத்த பெண்ணுக்குக் கை பழகவில்லை. நரம்பு அகப்படாமல் இரண்டு இடத்தில் குத்தினாள். பக்கத்தில் காத்திருந்த பெரியவர் ஒருவர், போன தடவை ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், இனி வேறு இடம்தான் என்று யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். சர்க்கரை இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அது தன்னுடைய ரிப்போர்ட்தானா என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

திரும்பி வரும் வழியில் குழாய்க் கடை. உள்ளே அவளுக்குப் பழக்கமான பிளம்பர் ஒருவர் நின்றிருந்தார். விடுவாளா?

"ஏண்ணே, இத்தனை கம்பெனி இருக்கு, நீங்க ஏன் எப்பவும் இந்தச் சாம்பல் சட்டைக்காரங்க குழாயையே வாங்குறீங்க? மத்ததை விட விலையாச்சே."

"மத்ததை மாட்டினா நாலு மாசத்துல ஒழுகும். வீட்டுக்காரம்மா என்னைத்தான் கூப்பிட்டுக் கத்துவாங்க" என்றார் பிளம்பர். "இது ஒழுகாது. ஒழுகினாலும் வாஷர் மாத்தினாப் போதும். போன வருஷம் ரெண்டு தடவை விலையை ஏத்தினான். ஏத்தினாலும் இதைத்தான் வாங்கறேன். திட்டிக்கிட்டே வாங்கறேன்."

கடைக்காரர் குறுக்கே புகுந்தார். "பக்கத்து ஊருக்கெல்லாம் இங்கருந்துதான் போகுது இப்ப. ஆர்டர் போட்டா சரக்கு வர நாளாகுது, அதுதான் ஒரே தொல்லை."

வாரக் கடைசியில் ஒட்டுத் துணி போட்ட வழுக்கைத் தலைக்காரர் வந்தார். புதுச் சட்டை, தோளில் ஒரு கோடு கூடியிருந்தது. வழக்கமான வேண்டுகோள்தான். அக்கா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஆளே எடுக்காமல் உங்கள் கம்பெனி எப்படி நடக்கிறது என்று நேராகவே கேட்டாள்.

"எடுக்க வேண்டியதில்லம்மா. பழைய ஆளுங்க. எந்த மிஷின் எப்ப மக்கர் பண்ணும்னு எங்களுக்குத் தெரியும். நாங்க சொல்றதைக் கேட்டு மிஷினை மாத்தி அமைக்கிறாங்க. முன்னாடி ஒரு நாள்ல செஞ்சதை இப்ப அரை நாள்ல செய்யறோம். சம்பளமும் ஏத்தறாங்க, நாங்க ஏன் போறோம்?" வயிற்றைத் தடவிக்கொண்டார். "கான்டீன் சாப்பாடு வேற நல்லா இருக்கு."

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தொப்பை வளர்கிற கம்பெனி என்று தான் கேலி பேசியதில் பாதி நிஜம் இருந்திருக்கிறது. ஆள் நிற்கிற இடம் அது. நாத்தனார் காகிதத்தில் கண்டதும் தான் துணியில் கண்டதும் ஒரே இடத்தில் வந்து முட்டுவதைப் பார்க்க அவளுக்கு ஒரே குஷி. நீலக் கோட்டை விற்றுவிட்டு, நாத்தனார் சொன்ன விலைக்கு இறங்கும் வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் சட்டையை வாங்கினார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடக் கூடாது என்று நாத்தனார் இன்னும் இரண்டு கம்பெனிகளையும் சேர்த்தாள். அவற்றையும் அக்கா விட்டுவைக்கவில்லை. போய் விசாரித்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

அவள் விற்ற பிறகு நீலக் கோட்டு விழுந்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். விழவில்லை. இன்னும் ஏறியது. தினம் போனைப் பார்த்து அக்கா புழுங்கினாள். "கண்ணுல பட்டதை நம்பி ஏமாந்தேன், அப்புறம் கண்ணுல பட்டதை நம்பி விட்டேன்" என்று புலம்பினாள்.

"நமக்குத் தெரிஞ்ச காரணத்துக்கு வித்தோம். விலை எதுக்கு ஏறுதுன்னு நமக்குத் தெரியாது. தெரியாததுல கிடைக்காம போனதை நஷ்டம்னு எழுத எங்க ஆபீஸ்ல இடமே இல்ல அண்ணி" என்றாள் நாத்தனார். "சாம்பல் சட்டை நிதானமாத்தான் போகும். ரெண்டு மடங்கு ஆக ஆறேழு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம். அண்ணன் கிட்ட அப்படியே சொல்லிடுங்க."

அண்ணன் அந்த வாரமே வந்தார். படியில் உட்கார்ந்து, காலை நீட்டி, முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கேட்காமல் பாதிப் பணத்தைப் போட்டதை அக்கா மென்று விழுங்கிச் சொன்னபோது கோபிக்கவில்லை. கோட்டுக்குள் மூன்று இடுப்பு இருந்த கதைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சர்க்கரை பார்க்கப் போன கதைக்கு இன்னும் அதிகம் சிரித்தார்.

"அப்ப, ஆறேழு வருஷம்" என்றார் கடைசியில்.

"ஆகலாம்."

"ஓட்டிடலாம்" என்றார். பையிலிருந்து பழுப்புப் பேண்ட்டை எடுத்துக் கொடுத்தார். "இடுப்புல கொஞ்சம் பிடி."

பேண்ட்டைப் புரட்டி அக்கா பின்பக்க நடுத்தையலைப் பார்த்தாள். சிவப்பு. அதற்குள்ளே ஒரு சிவப்பு, அதற்கும் உள்ளே இன்னொன்று. இந்தத் தடவை மூன்று பேர் இல்லை. மூன்றும் ஒரே ஆள். பிடித்துப் பிடித்துத் தைத்ததில் பின் பாக்கெட் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. உள்ளே மடிந்து கிடந்த துணியே ஒரு கை தடிமனுக்கு இருந்தது.

ஊரில் ஒருத்தர் விடாமல் ஏன் இளைத்தாய், ஏன் பெருத்தாய் என்று கேட்டவள் அவள். கம்பெனி வளர்கிறதா தேய்கிறதா என்று அடுத்தவர் கோட்டையெல்லாம் பிரித்துப் பார்த்தவள். இந்த ஒரு பேண்ட்டை மட்டும் ஒரு தடவைகூடக் கேட்காமல் தைத்திருக்கிறாள்.

"ஏன் இளைச்சீங்க?"

"அதான் சொன்னேனே, ஓடுற ஓட்டத்துல..."

"ஏன் இளைச்சீங்கன்னு கேட்டேன்."

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். பதில் வரும்வரை ஊசி நகராது. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாப்பிட்டா கண்ணு சொக்குது. முன்ன மாதிரி இல்ல. அதனால, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி சாப்பிடறதில்ல. வலி மாத்திரையும் டீயும்தான். ரெண்டு மடங்கு ஆகுற வரைக்கும்தானேன்னு..."

அக்கா பேண்ட்டை மடியில் விரித்துக்கொண்டாள். பிரிக்கிற ஊசியை எடுத்தாள். முதல் சிவப்பைப் பிரித்தாள். இரண்டாவதைப் பிரித்தாள். மூன்றாவதையும் பிரித்தாள். நெடுநாளாக வெயில் படாத துணி உள்ளேயிருந்து கரும்பழுப்பாக விரிந்தது. இடுப்புப் பட்டியை முதலில் இருந்த அளவுக்கே கொண்டுவந்து வைத்து, மிஷினை ஓட்டி முடித்து, அவர் மடியில் போட்டாள்.

அவர் எடுத்துப் பிடித்துப் பார்த்தார். உள்ளே இரண்டு பேர் நுழையலாம். "என்னம்மா இது, பெருசாக்கிட்டே?"

"பேண்ட் அதோட அளவுக்கு வந்துடுச்சு. இனிமே நீங்கதான் வளரணும்." அவள் குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "பணம் ரெண்டு மடங்கு ஆகறதுக்குள்ள நீங்க பாதியாயிடுவீங்க. எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். பங்கு அது பாட்டுக்கு இருக்கட்டும், அதுக்கு யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்ல. முதலாளிக்கு இப்பவே போன் போட்டு, இறங்கறேன்னு சொல்லுங்க."

"பாதிச் சம்பளத்துல..."

"கடையைக் கொஞ்சம் கூடுதலாத் திறந்து வெச்சுக்கறேன். போன் போடுங்க. நீங்க போடற வரைக்கும் நான் அடுத்த துணியைத் தொட மாட்டேன்."

படியில் இரண்டு பேர் சட்டையோடு காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தையும் பார்த்துவிட்டு, அவர் போனை எடுத்தார்.

இப்போது அவர் ஊருக்குள் பால் வண்டி ஓட்டுகிறார். மத்தியானம் வீட்டில் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். நீலக் கோட்டுப் பங்கு ஏறி, இறங்கி, மறுபடி கொஞ்சம் ஏறியிருக்கிறது. அக்கா இன்னும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறாள். சாம்பல் சட்டைப் பங்கு இரண்டு மடங்கு ஆகவில்லை, ஆவதற்கு நாள் இருக்கிறது என்கிறாள் நாத்தனார்.

போன வாரம் அவர் அதே பழுப்புப் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இடுப்பில் பிடிக்கிறதாம், கொஞ்சம் பிரித்து விட வேண்டுமாம். அக்கா புரட்டிப் பார்த்தாள். உள்ளே பிரித்து விடத் துணி இல்லை. அவளுக்கு வந்த சிரிப்பில் எழுந்து நின்று, படியில் நன்றாக இடித்துக்கொண்டாள்.